அரை மில்லி

அத்தியாயம் 8

"என்னை இந்தக் கேஸுக்குக் கூட்டிட்டு வந்திருக்கவே கூடாது மேடம்," என்றான் அறுவை. "நான் வாயைத் திறந்தா ஆள் ஓடுதுன்னுதான் ஊரே எனக்கு இந்தப் பேரை வெச்சிருக்கு. இப்பப் போய் ஒரு ரம்பத்தை விசாரிக்கச் சொன்னா, சொந்தக்காரனை விசாரிக்கிற மாதிரி இருக்கும்ல?"

மேடம் சிரிக்கவில்லை. அந்தப் பட்டறையில் யாருமே சிரிக்கவில்லை. ஒன்பது நாளாக அங்கே யாரும் எதுவுமே செய்யவில்லை. தரையில் கிடந்த மரத்தூள்கூட அன்று விழுந்த இடத்திலேயே கிடந்தது.

மேடத்துக்கு ஐம்பத்து நான்கு வயது. ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடம் மெஷின் விபத்துகளை மட்டும் விசாரித்துவிட்டு, இப்போது அறுவையை உதவிக்கு வைத்துக்கொண்டு சொந்தமாகத் துப்பறிகிறவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பட்டறையின் நடுவில் இருந்த மேசை ரம்பத்தைப் பார்த்தார்.

பெரிய இரும்பு மேசை. நடுவில் ஒரு பிளவு. அதன் வழியாக வட்ட பிளேடு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பிளேடுக்கு வலப்பக்கம், மேசையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை நீளமாக ஓர் இரும்புக் கட்டை. பலகையை அதன்மேல் அணைத்துத் தள்ளினால் கோணாமல் நேராக அறுபடும். மரவேலைக்காரர்கள் அதைக் கைடு என்பார்கள்.

ஒன்பது நாளைக்கு முன் காலை பதினொன்றரை மணிக்கு, இந்த மேசையில் அறுபட்டுக்கொண்டிருந்த பலகை திரும்பிப் பாய்ந்து, தள்ளிக்கொண்டிருந்தவரின் வயிற்றில் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தப் பட்டறையை நடத்திவந்த இரண்டு சகோதரர்களில் இளையவர் அவர்.

மூத்தவர் இப்போது சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் முழங்கால்மேல் இருந்தன. அவர் வைத்த கைகள் மாதிரியே தெரியவில்லை. யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதுபோல இருந்தன.

பக்கத்து அறை வாசலில் இளையவரின் மனைவி நின்றிருந்தாள். அந்த அறை அவளுடையது. அறுத்து இழைத்து வரும் மரத்துக்கெல்லாம் உப்புத்தாள் போட்டு, பாலிஷ் அடிப்பது அவள் வேலை. பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் பாலிஷ்காரம்மா. நேற்று மேடத்தின் ஆபீஸுக்கு வந்து, கொடுத்த தண்ணீரைத் தொடாமல், அழாமல், ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனவளும் அவள்தான்.

"அந்தக் கைடைக் கடைசியா யார் தொட்டாங்கன்னு எனக்குத் தெரியணும் மேடம்."

அறுவை நோட்டைப் புரட்டினான். "இன்ஸ்பெக்டர் நாளைக் காலை பத்து மணிக்கு மூத்தவரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கார். போனா திரும்பி வர்றது சந்தேகம்தான். அவர் கையில மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு, மெஷினைப் பார்த்த மெக்கானிக், கைடோட ரெண்டு போல்ட்டையும் யாரோ புதுசாத் திருப்பியிருக்காங்கன்னு எழுதிக் கொடுத்துட்டார். ரெண்டு, அந்தப் போல்ட்டைத் திருப்புற சாவி எப்பவும் சுவத்து ஆணியில தொங்குமாம். அது மூத்தவர் பையிலேர்ந்து கிடைச்சிருக்கு. மூணு, அன்னைக்குக் காலையில அண்ணன் தம்பிக்குள்ள பெரிய சண்டை. தம்பி தனியாப் பிரிஞ்சு போறேன்னாராம்."

"உண்மையா?" என்று மேடம் மூத்தவரிடம் கேட்டார்.

"ஆமா."

"மூணுமா?"

"மூணும்."

"சாவி உங்க பைக்குள்ள எப்படி வந்துச்சு?"

"நான்தான் எடுத்துப் போட்டேன்."

"ஏன்?"

"போட்டேன்."

அறுவை மேடத்தின் காதோரம் குனிந்தான். "இவரை விசாரிக்கிறதுக்கு ரம்பமே தேவலை மேடம். அதுவாவது சத்தம் போடும்."

மேடம் முதலில் மெயின் ஸ்விட்சை இறக்கினார். பிறகு மெஷினின் பிளக்கையும் பிடுங்கி, வயரைச் சுருட்டி ஜன்னலில் வைத்தார். அதற்கப்புறம்தான் பிளேடுக்குப் பக்கத்திலேயே போனார்.

"முதல்ல பலகை," என்றார்.

அன்று அறுத்த பலகைகள் மேசையின் இரண்டு பக்கமும் அடுக்கியபடியே இருந்தன. ஒரு பலகையை அறுத்தால் இரண்டு துண்டு. கைடு பக்கம் வரும் அகலத் துண்டு வலப்பக்க அடுக்கில். வெளிப்பக்கம் விழும் ஒல்லித் துண்டு இடப்பக்க அடுக்கில். ஒல்லித் துண்டுகளும் வீண் கிடையாது. கதவு ஓரத்துக்குச் சட்டமாகப் போகும். ஒவ்வொன்றின் நுனியிலும் இளையவர் பென்சிலால் எண் போட்டிருந்தார். ஒன்றிலிருந்து பதினேழு வரை. பதினெட்டாவதைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது.

"அறுபட்ட விளிம்பை மட்டும் பாரு. எங்கெல்லாம் கரி இருக்குன்னு சொல்லு."

அறுவை ஒல்லித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினான். "ஒண்ணுல கரி. ரெண்டுல கரி. மூணுல... எல்லாத்துலயும் லேசா தீஞ்ச மாதிரி கோடு இருக்கு. பதிமூணு, பதினாலு... பதினஞ்சுல இல்லை. பதினாறு, பதினேழு, சுத்தம். முகம் கழுவி விட்ட மாதிரி இருக்கு."

"இப்ப அகலத் துண்டு."

இந்த முறை அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒண்ணு சுத்தம். பத்து சுத்தம். பதினாலு சுத்தம். பதினஞ்சு... கரி மேடம். பதினாறும். பதினேழும். நல்லாவே தீஞ்சிருக்கு."

"புரியுதா?"

"கரி இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் கட்சி மாறியிருக்கு. ஏன்னுதான் புரியலை."

மேடம் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டினார். "இது பிளேடு, இது கைடு. ரெண்டும் தண்டவாளம் மாதிரி சமமாப் போகணும். கைடோட பின்முனை வெளிய விலகிப் போனா, பிளேடோட பின்பக்கப் பல் ஒல்லித் துண்டை உரசும். அது தீயும். தொல்லைதான், ஆனா ஆளைக் கொல்லாது. அதே பின்முனை பிளேடு பக்கம் சாஞ்சா, அகலத் துண்டு ரெண்டுக்கும் நடுவுல மாட்டி நசுங்கும். பின்பக்கப் பல் கீழேர்ந்து மேல ஏறி வர்ற பல். நசுங்கின பலகையைத் தூக்கி, தள்ளுறவன் மேலயே எறிஞ்சிடும். பாதுகாப்பு மூடி இருந்தா ஓரளவு தடுக்கும்."

"மூடியைக் கழட்டி எட்டு வருஷம் ஆச்சு," என்றார் மூத்தவர். யாரும் கேட்காமல் அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"பதினாலாவது பலகை வரைக்கும் கைடு வெளியே விலகி இருந்திருக்கு," என்றார் மேடம். "பதினஞ்சாவதுலேர்ந்து உள்ளே சாஞ்சிருக்கு. நடுவுல யாரோ திருப்பியிருக்காங்க. பதினாலுக்கும் பதினஞ்சுக்கும் நடுவுல என்ன நடந்தது?"

மூத்தவர் தரையைப் பார்த்தார். "டீக்குப் போனோம். நானும் அவனும்."

"எவ்வளவு நேரம்?"

"அவன் அரை மணி நேரம் இருந்தான். எனக்குப் பேச்சு பிடிக்கலை. பாதி டீயோட எந்திரிச்சு முன்னாடியே வந்துட்டேன்."

"தனியா?"

"தனியாத்தான்."

அறுவை நோட்டை மூடினான். இந்த ஆளைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறோம் என்று காலையில் நினைத்திருந்தான். இப்போது மேடம் கண்டுபிடித்த முதல் தடயமே அவர் கழுத்தில் விழுந்திருந்தது. வாசலில் நின்ற பாலிஷ்காரம்மா அசையவில்லை. அவள் பார்வை பிளேடின் மேலும் இல்லை, மூத்தவரின் மேலும் இல்லை. எதிர்ச் சுவரில் காலியாக இருந்த ஓர் ஆணியில் இருந்தது.

மேடம் கைப்பையிலிருந்து தன் விசிட்டிங் கார்டுகளை எடுத்தார்.

"யாருக்குக் கொடுக்கப் போறீங்க? ரம்பத்துக்கா?"

"ஒரு கார்டு கால் மில்லிமீட்டர் கனம். பிரஸ்காரன்கிட்ட கேட்டு வாங்கினது. இருபது வருஷமா எனக்கு இதுதான் அளவுகோல்."

பிளேடில் ஒரு பல்லைத் தேர்ந்தெடுத்து, அதன்மேல் பென்சிலால் குறி வைத்தார். அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து, அதற்கும் கைடுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையைச் செருகினார். ஆடியது. கட்டையோடு ஒரு கார்டு வைத்தார். இன்னும் லேசாக ஆடியது. இரண்டாவது கார்டை வைத்ததும் இறுகியது. பிறகு பிளேடைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோனார். அங்கே கார்டே வேண்டியிருக்கவில்லை. வெறும் கட்டையே இறுகியது.

"ரெண்டு கார்டு. பின்பக்கம் அரை மில்லி உள்ளே சாஞ்சிருக்கு."

"அரை மில்லியா?" என்றான் அறுவை. "என் நகத்துல இருக்கிற அழுக்கே அதைவிடக் கனம் மேடம். ஒரு ஆளைத் தீர்த்துக்கட்ட நினைக்கிறவன் இவ்வளவு சிக்கனமாவா இருப்பான்?"

மேடம் அவனை நிமிர்ந்து பார்த்தார். "அதையே திரும்பச் சொல்லு."

"அழுக்கையா?"

"சிக்கனத்தை." அவர் மேசையின் முன்விளிம்புக்கு வந்தார். அங்கே ஒரு நீள அளவுகோல் ஒட்டியிருந்தது. கைடை எங்கே நிறுத்தினாலும், அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய முள் அந்த இடத்தின் அளவைக் காட்டும். "கைடைச் சாய்ச்சா இந்த முள் தப்பா காட்ட ஆரம்பிக்கும். இப்ப என்ன காட்டுதுன்னு பாரு."

அறுவை ஸ்கேலை வைத்துப் பார்த்தான். "சரியாத்தான் காட்டுது."

"அப்படின்னா முள்ளோட குட்டித் திருகாணியையும் தளர்த்தி, அளந்து, நகர்த்தி, திரும்ப முடுக்கியிருக்காங்க. கொல்ல நினைக்கிறவனுக்கு முள் சரியா இருந்தா என்ன, தப்பா இருந்தா என்ன?"

மேடம் மேசையைச் சுற்றி அறுவையிடம் வந்தார். பிறகு மூத்தவர் பையிலிருந்து எடுத்த சாவிக்கு ஜோடியாகத் தான் வாங்கி வந்திருந்த ஆறுபட்டைச் சாவியை அறுவையின் கையில் வைத்தார்.

"கைடை நீ இப்ப கலைச்சுடு. அப்புறம் பிளேடுக்குச் சமமா நிறுத்து. ஸ்கேலை வெச்சு உனக்குத் தெரிஞ்ச மாதிரி அளந்துக்கோ. அவசரமே இல்லை."

"நானா? எங்க வீட்டுல காலண்டரை நேரா மாட்டுறதுக்கே மூணு பேர் கூடணும்."

"அதனாலதான் உன்னைச் சொல்றேன்."

அறுவை போல்ட்டுகளைத் தளர்த்தினான். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, பிளேடின் முன்பக்கத்துக்கும் கைடுக்கும் நடுவில் இரும்பு ஸ்கேலை வைத்து அளந்தான். எட்டிப் போய்ப் பின்பக்கம் அளந்தான். ஒரு தட்டு தட்டினான். திரும்ப முன்னால் வந்தான். பதினைந்து நிமிடம் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அவனைப் பொறுத்தவரை அது பெரிய விரதம். கடைசியில் போல்ட்டுகளை முடுக்கி, நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

"முன்னாடி இருநூறு மில்லி. பின்னாடி இருநூறு மில்லி. என்னைப் பெத்தவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லலாம்."

மேடம் அதே கட்டையையும் கார்டுகளையும் எடுத்தார். குறி வைத்த பல்லை முன்னால் வைத்துச் செருகினார். இரண்டு கார்டு. பின்னால் சுற்றிச் செருகினார். வெறும் கட்டை.

"அரை மில்லி," என்றார்.

"எப்படி? நான் ரெண்டு தடவை அளந்தேனே?"

"முன்னாடி ஸ்கேலை எதுல வெச்சு அளந்தே?"

"பிளேடுல."

"பிளேடுல எங்கே?"

அறுவை குனிந்து பார்த்தான். "பல்லுல. கண்ணுக்கு நேரா இருந்துச்சு."

"பின்னாடி?"

"பின்னாடி பல் கைக்கு எட்டலை. ரெண்டு பல்லுக்கு நடுவுல, தகட்டுல வெச்சு..." அவன் நிறுத்தினான்.

"பல் தகட்டைவிட வெளிய துருத்திட்டு இருக்கும். இந்த பிளேடுல அது சரியா ரெண்டு கார்டு. முன்னாடி பல்லை அளந்து, பின்னாடி தகட்டை அளந்தா, நம்பர் ரெண்டும் ஒண்ணா இருக்கும். கைடு அரை மில்லி சாஞ்சிருக்கும்."

அவர் கைடைத் தானே கலைத்துவிட்டு மூத்தவரைப் பார்த்தார். "நீங்க நிறுத்துங்க."

மூத்தவர் எழுந்து வந்தார். தூக்கத்தில் நடப்பவர் மாதிரிதான் வந்தார். ஆனால் கை தானாக மேசை ஓரத்தில் சாக்பீஸைத் தேடி எடுத்தது. ஒரு பல்லில் கோடு போட்டார். முன்னால் அளந்தார். பிளேடைச் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுவந்து அளந்தார். இரண்டு தட்டு, ஒரு முடுக்கு. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. மேடம் சோதித்தபோது முன்னும் பின்னும் ஒரே இறுக்கம்.

"இவருக்கு அந்தத் தப்பைச் செய்யவே வராது," என்றார் மேடம். "இருபது வருஷப் பழக்கம். வேணும்னே சாய்க்கணும்னா மூணு மில்லி, நாலு மில்லி சாய்ச்சிருப்பார். பல் எவ்வளவு துருத்துதோ அதே அளவுக்கு ஏன் சாய்க்கணும்? கைடைத் திருப்பினவங்க யாரையும் கொல்ல நினைக்கலை. ரொம்ப அக்கறையா, முள்ளைக்கூட விடாம, சரி பண்ண நினைச்சிருக்காங்க. அளக்கத் தெரியும். எதுலேர்ந்து அளக்கணும்னு தெரியாது."

அறுவை மெதுவாகத் திரும்பினான். அந்தப் பட்டறையில் மூன்று பேர்தான் வேலை செய்தார்கள். ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் இதோ கையில் சாக்பீஸோடு நிற்கிறார்.

மேடம் பாலிஷ் அறை வாசலுக்குப் போனார். குரலை உயர்த்தவில்லை.

"நேத்து நீங்க என்கிட்ட, கைடை யார் திருப்பினாங்கன்னு கேக்கலை. கடைசியா யார் தொட்டாங்கன்னு கேட்டீங்க. அதுக்கு முன்னாடி தொட்டது யாருன்னு உங்களுக்குத் தெரியும், இல்லையாம்மா?"

"நான்தான்," என்றாள் பாலிஷ்காரம்மா.

குரலில் ஒன்றுமே இல்லை. பால்காரன் வந்துவிட்டுப் போனான் என்பதுபோலச் சொன்னாள்.

"ரெண்டு வாரமா அந்தச் சட்டமெல்லாம் தீஞ்சு தீஞ்சு வந்துட்டு இருந்துச்சு. நான் தேய்ச்சுத் தேய்ச்சுக் கரியை எடுத்துட்டு இருந்தேன். அவர் இந்த மாமாகிட்ட சொல்லுவார். மாமா ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்னு சொல்லுவாங்க. அன்னைக்குச் சண்டையே அதுலதான் ஆரம்பிச்சது. எதையுமே சரி பண்ண விட மாட்டேங்கிற, நான் தனியாப் போறேன்னு அவர் கத்தினார். ரெண்டு பேரும் டீக்குப் போனாங்க. அவர் கைடைத் திருத்துறதை நிறைய தடவை பார்த்திருக்கேன். எதிர்ப்பக்கம் நின்னுதான் பார்த்திருக்கேன். ஒரு சண்டையாவது குறையட்டும்னு நினைச்சேன்."

அவள் மூத்தவரைப் பார்க்கவில்லை.

"மாமா வர்ற சத்தம் கேட்டதும் உள்ளே போயிட்டேன். மாமா கொஞ்ச நேரம் தனியா இருந்தாங்க. எனக்கு அதுதான் தெரியணும் மேடம். எனக்கப்புறம் யாராவது தொட்டாங்களா?"

அறுவைக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் கொலைகாரனைத் தேடி வரவில்லை. கணவனின் அண்ணன் கொலைகாரனாக இருந்துவிடமாட்டாரா என்று கேட்க வந்திருந்தாள். மேடம் ஆம் என்றால் அவளுக்கு மூச்சு விட ஓர் இடம் கிடைக்கும்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். பொய் சொல்ல வேண்டிய இடம் என்று அவருக்கும் தோன்றியிருக்கும். இருபது வருடத்தில் இப்படிப் பல வாசல்களில் நின்றிருக்கிறார்.

"இல்லைம்மா. யாரும் தொடலை."

"நிச்சயமா?"

"நீங்க வெச்ச முள்ளும், நீங்க வெச்ச அரை மில்லியும் அப்படியே இருந்துச்சு. வேற யாராவது தொட்டிருந்தா ரெண்டுல ஒண்ணாவது மாறியிருக்கும்." கண்ணாடியை மடக்கினார். "ஆனா பாதுகாப்பு மூடியை எட்டு வருஷத்துக்கு முன்னாடி கழட்டினது நீங்க இல்லை. ரெண்டு வாரம் தள்ளிப்போட்டது நீங்க இல்லை. பலகைக்கு நேர் பின்னாடி நின்னு தள்ளினது..."

"வேண்டாம் மேடம். நான் சமாதானம் கேக்கலை."

மேடம் நிறுத்திக்கொண்டார்.

பாலிஷ்காரம்மா முதல் முறையாக மூத்தவரிடம் திரும்பினாள். "சாவியை என் அறையில வெச்சுட்டு மறந்துட்டேன். அப்புறம் தேடினேன். இல்லை. உங்க பையிலேர்ந்து எடுத்தாங்கன்னு சொன்னப்ப, நீங்கதான் என்னமோ செஞ்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"தெரியும்மா."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்குச் சாயங்காலமே. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து கைடைப் பார்த்தேன். நான் தொடலை. அவன் தொட்டிருந்தா அப்படி இருக்காது. உப்புத்தாள் அடுக்குப் பக்கத்துல சாவி கிடந்துச்சு."

"ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"சொல்லி?"

இரண்டு பேரும் ஒரே மேசையின் இரண்டு பக்கம் நின்றார்கள்.

என்ன செய்வதென்று தெரியாத அறுவை, கலைத்துப் போட்ட பலகைகளைத் திரும்ப அடுக்க ஆரம்பித்தான். பதினைந்தாவது அகலத் துண்டைத் தூக்கியபோது அதன் அடிப்பக்கம் வெளிச்சத்தில் வந்தது.

"மேடம்," என்றான். "இங்க என்னமோ எழுதியிருக்கு."

கரி பிடித்த விளிம்புக்கு மேலே பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் இரண்டு வரி. அவன் மெதுவாகப் படித்தான்.

"அரை கூட. சாயங்காலம்."

மூத்தவர் பலகையை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"அவன் எழுத்துதான்," என்றார். "கைடு எவ்வளவு தப்பியிருக்குன்னு கரியைப் பார்த்தே சொல்லிடுவான். இப்படித்தான் குறிச்சு வெப்பான், அப்புறம் திருத்துறதுக்கு." பலகையை மேசைமேல் வைத்தார். "வந்து முதல் பலகையை அறுத்ததுமே அவனுக்குத் தெரிஞ்சு போச்சு."

"யார் திருப்பினாங்கன்னுமா?" என்று கேட்டான் அறுவை.

"நான் திருப்பியிருந்தா அரை கூடியிருக்காது. அது அவனுக்குத் தெரியும். அப்புறம் வேற யார்?"

"தெரிஞ்சும் ஏன் மூணு பலகை அறுத்தார்? அப்பவே நிறுத்தித் திருத்தியிருக்கலாமே?"

மூத்தவர் பாலிஷ் அறையைத் திரும்பிப் பார்த்தார். வாசலிலிருந்து பார்த்தால் மேசை ரம்பம் முழுசாகத் தெரியும். மேசையிலிருந்து பார்த்தால் வாசலும் அப்படித்தான்.

"இவ நின்னு பார்த்துட்டு இருந்திருப்பா. ஆசையா ஒருத்தி செஞ்சு வெச்சதை, அவ கண் முன்னாடியே பிரிக்க அவனுக்கு மனசு வந்திருக்காது. இன்னும் கொஞ்சம் பலகைதானே பாக்கின்னு நினைச்சிருப்பான்."

பாலிஷ்காரம்மா கிட்டே வந்தாள். பலகையைத் தொடவில்லை. குனிந்து அந்த இரண்டு வரியைப் படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள்.

"நின்னு பார்த்துட்டுதான் இருந்தேன்," என்றாள். "அவர் என்னைப் பார்த்துச் சிரிச்சார். ஏன்னு எனக்குத் தெரியலை. சண்டை முடிஞ்சதுன்னு நினைச்சேன்."

அவள் அழுவாள் என்று அறுவை காத்திருந்தான். அவள் அழவில்லை. கைகளை ஒருமுறை புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"மேடம், ஸ்டேஷனுக்கு நாளைக்குத்தான் போகணுமா? இப்பப் போனா எழுதிக்குவாங்களா?"

"எழுதிக்குவாங்க."

"அப்ப போகலாம். மாமா, நீங்களும் வாங்க. பலகையை எடுத்துக்கோங்க."

மதியம் மூன்று மணிக்கு அவர்கள் நான்கு பேரும் மேடத்தின் பழைய காரில் போனார்கள். பதினைந்தாவது பலகை உள்ளே நீளவாட்டில் கிடந்தது. அதன் ஒரு நுனி முன்சீட்டில் அறுவையின் தோளை இடித்துக்கொண்டே வந்தது. அவன் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. பாலிஷ்காரம்மா சொன்னதை முழுக்கக் கேட்டார். மேடம் தன் விசிட்டிங் கார்டுகளை வைத்து விளக்கியபோது, ஒரு கார்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். பலகையைத் திருப்பி இரண்டு வரியையும் தானே ஒரு தாளில் எழுதிக்கொண்டார். மூத்தவரைப் பார்த்து, "இதை முதல் நாளே சொல்லியிருந்தா உங்களை இவ்வளவு அலைக்கழிச்சிருக்க மாட்டேனே?" என்றார்.

"அலையறதுல எனக்கு ஒண்ணும் இல்லை சார்," என்றார் மூத்தவர்.

ரைட்டர் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். அதில் 'விபத்து' என்ற சொல் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் பாலிஷ்காரம்மா தலையை அசைக்கவில்லை. கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மேற்கொண்டு கோர்ட் ஒருமுறை கூப்பிடும், வந்து இதையே சொன்னால் போதும் என்றார் இன்ஸ்பெக்டர்.

வெளியே வந்தபோது வெயில் இன்னும் குறையவில்லை. தெருவில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். ஸ்டேஷன் படியில் நின்று அவள் கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்தாள்.

"மாமா," என்றாள். "எனக்குப் பசிக்குது."

மூத்தவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். தம்பியை அடக்கம் செய்த அன்று கண் கலங்காதவர், போலீஸ்காரர்கள் ஏறி இறங்கும் அந்தப் படியில் அப்படியே உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதார்.

மேடம் காரைத் திறக்கப் போனார். அறுவை அவர் பின்னாலேயே போனான்.

மூத்தவர் அழுது முடிக்கும்வரை பாலிஷ்காரம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.